அப்பீல் போனால் தண்டனை கூடிவிடுமா?

கேள்வி: வரப்புத் தகராறில் என் தம்பி கட்டையால் அடித்ததில் பக்கத்துக் காட்டுக்காரருக்குக் கை எலும்பு முறிந்துவிட்டது. இ.த.ச. (இந்திய தண்டனைச் சட்டம்) 325-இன் கீழ், அதாவது கொடுங்காயம் ஏற்படுத்தியதற்காக, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் 2 வருடம் தண்டனை. அடிபட்டவர் வயதானவர், கீழே விழுந்த பிறகும் அடித்திருக்கிறான் என்று தீர்ப்பில் கடுமையாக எழுதியிருக்கிறார்கள். அப்பீல் போனால் இதையே காட்டி தண்டனையைக் கூட்டிவிடுவார்கள், பேசாமல் இருங்கள் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அப்பீல் போடுங்கள். இந்தப் பயத்தில் அப்பீல் நாளைத் தவறவிட்டு உள்ளே போகிறவர்களை நினைத்தால் வேதனையாக இருக்கிறது, ஏனென்றால் சட்டம் இந்த விஷயத்தில் உங்கள் தம்பி பக்கம்தான் நிற்கிறது. குற்றவாளி என்று தீர்ப்பானவர் தானே போடும் அப்பீலில் செஷன்ஸ் கோர்ட் விடுதலை செய்யலாம், தண்டனையைக் குறைக்கலாம், அப்படியே விடலாம், கூட்ட முடியாது. குற்ற வழக்குகளை நடத்தும் முறையைச் சொல்லும் புதிய சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 427-ஆம் பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 386) இதை நேராகவே சொல்கிறது. தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே, குற்றவாளி போட்ட அப்பீலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகச் சீராய்வு (கீழ்க் கோர்ட் தீர்ப்பு சரிதானா என்று மேல் கோர்ட் பார்ப்பது) எடுத்து, தற்கொலைக்குத் தூண்டியதாகவும் தண்டித்தது. அது செல்லாது என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அதற்கு முன் 2019-இல் சிக்கிம் வழக்கு ஒன்றில், நோட்டீஸ்கூடக் கொடுக்காமல் 7 வருடத்தை 10 வருடமாக்கியதையும் ரத்து செய்தது.

சரி, கூடவே கூடாதா என்றால், கூடலாம். ஆனால் அந்த ஆபத்து உங்கள் அப்பீலால் வருவதில்லை. தண்டனை போதாது என்று அரசு தனியாக அப்பீல் போடலாம் (பிரிவு 418). அடிபட்டவருக்குத் தண்டனை போதாது என்று அப்பீல் போட உரிமை இல்லை, இதை உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாக்கிவிட்டது. அவர் சீராய்வு மனுவோடு வரலாம். நீங்கள் சும்மா இருந்தாலும் இவர்கள் வரலாம், அதனால் சும்மா இருப்பதில் பாதுகாப்பு எதுவும் இல்லை. எப்படி வந்தாலும் தம்பியின் பக்கத்தைக் கேட்காமல் ஒரு நாள்கூடக் கூட்ட முடியாது, அரசு அப்பீல் என்றால் அதிலேயே "நான் குற்றவாளியே இல்லை" என்று விடுதலையும் கேட்கலாம்.

உச்சவரம்பு ஒன்றும் இருக்கிறது. 325-க்குச் சட்டத்தில் 7 வருடம் வரை உண்டு, ஆனால் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் 3 வருடத்துக்கு மேல் கொடுக்க முடியாது, கீழ்க் கோர்ட் கொடுத்திருக்க முடியாத தண்டனையை அப்பீல் கோர்ட்டும் கொடுக்கக் கூடாது.

தீர்ப்பில் இருக்கும் அந்தக் கடுமையான வரிகளை லேசாக எடுக்காதீர்கள். வயதானவரை அடித்தது, விழுந்த பிறகும் அடித்தது, முன்கூட்டியே கட்டையோடு போனது, இவையெல்லாம் தண்டனையைக் கனமாக்கும் சூழ்நிலைகள். அரசு அப்பீல் வந்தால் அரசு வழக்கறிஞர் அங்கேதான் கை வைப்பார். ஒவ்வொன்றையும் சாட்சியத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விழுந்த பிறகு அடித்தான் என்று எந்தச் சாட்சி சொன்னார், காயச் சான்றிதழில் எத்தனை காயம், கட்டை வீட்டிலிருந்து கொண்டுபோனதா இல்லை வரப்பில் கிடந்ததா? எலும்பு முறிந்ததையே கூடுதல் காரணமாக எழுதியிருந்தால், அது கொடுங்காயம் என்ற குற்றத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது, இன்னொரு முறை எண்ணக் கூடாது என்று வாதாடலாம். முன்பு எந்த வழக்கும் இல்லையென்றால், 1958-ஆம் வருட நன்னடத்தைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவையும் (சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கி விடுவது) மறக்காமல் கேட்கச் சொல்லுங்கள்.

அப்பீலுக்குக் கெடு 30 நாள். தம்பி ஜாமீனில் இருந்து வழக்கை நடத்தியவர் என்றால், தண்டனை 3 வருடத்துக்குள் இருப்பதால், அப்பீல் போடும்வரை வெளியில் இருக்க அதே மாஜிஸ்திரேட்டிடமே மனு கொடுக்கலாம், அப்புறம் செஷன்ஸ் கோர்ட்டில் தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்க வேண்டும்.

325 அப்பீல் கோர்ட் அனுமதியோடு சமரசம் ஆகக்கூடிய குற்றம்தான். பெரியவரின் வைத்தியச் செலவைக் கொடுக்க மனதிருந்தால் வக்கீல் மூலமாகப் பேசுங்கள், தம்பி நேரில் போய் அவர் வாசலில் நிற்க வேண்டாம், மிரட்டினான் என்று ஒரு புகார் போனால் அது புது வழக்கு.