தோட்டத்துப் பிள்ளைகளின் உதைபந்தாட்டத்துக்கு ரெஃபரிகளை நாங்களே பழக்கலாமா?

கேள்வி: எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சித்திரைப் புத்தாண்டுக்கு 12 வயதுக்கும் 15 வயதுக்கும் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டப் போட்டி வைக்கிறோம். அணிக்கு ஏழு பேர். வெளியிலிருந்து நடுவர்களைக் கூப்பிட வசதியில்லை. இங்குள்ள இளைஞர்கள் ஐந்தாறு பேரைப் பழக்கி எடுக்கலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தாராளமாகப் பழக்கலாம். நான் மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். பின்னேரங்களில் இந்த வேலையைத்தான் பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிறேன். இதுவரை முப்பது பேருக்குக் கிட்டப் பழக்கியிருப்பேன். இன்றும் விசிலை விடாமல் இருப்பவர்கள் ஒன்பது பேர். மிச்சப் பேர் ஏன் விட்டார்கள் என்பதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதிலில் முக்கால்வாசி அதற்குள் இருக்கிறது.

சிலர் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டார்கள், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. மற்றவர்கள் விட்டது கோட்டுக்கு வெளியே நின்ற பெரியவர்களின் வாயால். சட்டம் விளங்காமல் விட்டவன் ஒருவன்கூட இல்லை. பதினேழு வயதுப் பையன் முதல் தடவையாக விசிலோடு நடுவில் நிற்கிறான், கோட்டுக்கு அந்தப் பக்கம் அவனுடைய சொந்தத் தாய்மாமன் நின்று "டேய், கண்ணை வீட்டுல வச்சிட்டு வந்தியா?" என்று கத்துகிறார். டவுனில் என்றால் கத்தியவர் யாரென்றே ரெஃபரிக்குத் தெரியாது. நம் பக்கம் அப்படியா? அன்றிரவு அதே லயத்து வீட்டு வரிசையில், அடுத்த காம்பராவில்தான் அந்த மாமா இருப்பார். மறுநாள் காலையில், வேலைக்குப் போகுமுன் எல்லோரும் கூடும் பெரட்டுக் களத்தில் அவனுடைய அம்மாவிடம் "உன் மகன் நேத்து எங்க பிள்ளைகள தோக்கடிச்சிட்டான்" என்பார்.

அதனால் முதல் ஏற்பாடு இது: தோட்டத்துப் பிரிவுகளை, அதாவது கணக்குகளை, மாற்றிப் போடுங்கள். மேல்கணக்குப் பையன் கீழ்க்கணக்கு அணிகளின் ஆட்டத்துக்கு, கீழ்க்கணக்குப் பையன் மேல்கணக்கு ஆட்டத்துக்கு. முடிந்தால் பக்கத்துத் தோட்டத்தோடு ஆளை மாற்றிக்கொள்ளுங்கள். அப்படியும் சொந்தக்காரர் எவராவது இருக்கத்தான் செய்வார், ஆனாலும் சூடு பாதியாகக் குறையும்.

இனி என்னுடைய தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப காலத்தில் நான் பழக்கிய ஒரு பையன், நல்ல ஓட்டக்காரன், சட்டமெல்லாம் மனப்பாடம். அரையிறுதியில் ஒரு பெனல்டி கொடுத்தான். பந்து தானாக வந்து கையில் பட்டதுதான், கொடுத்திருக்கவே கூடாது. நான் பொறுக்க முடியாமல் கிரவுண்டுக்குள் இறங்கி, எல்லோரும் பார்க்க அந்தத் தீர்ப்பை மாற்றிவிட்டேன். கை தட்டினார்கள். எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது. பையன் ஆட்டத்தை ஒழுங்காக முடித்துக் கொடுத்தான். அப்புறம் விசிலைத் துடைத்து என் கையில் வைத்துவிட்டுப் போனான், திரும்பி வரவேயில்லை. அந்த அரையிறுதியில் யார் ஜெயித்தது என்பது இன்று அங்கே ஒருவருக்கும் நினைவிருக்காது. எனக்கு அந்த விசில் நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு ஆட்டம் நடக்கும்போது நான் வாயைத் திறப்பதில்லை. புதியவனின் முதல் மூன்று ஆட்டங்களுக்கு கோட்டுக்கு வெளியே கூடவே நடப்பேன். அது அவனுக்காக இல்லை, கத்துகிறவர்களுக்குப் பக்கத்தில் போய் நிற்கத்தான். இடைவேளையில் இரண்டே வார்த்தை: ஒன்று நன்றாகச் செய்தது, ஒன்று அடுத்த பாதியில் திருத்த வேண்டியது. ஆட்டம் முடிந்து தேத்தண்ணீர் குடிக்கும்போது "அந்த இடத்தில நீ என்ன பார்த்தாய்?" என்று கேட்பேன். "ஏன் அப்படிக் கொடுத்தாய்?" என்று கேட்டால் தம்பி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பான். என்ன பார்த்தான் என்று கேட்டால், தான் நின்ற இடம் தப்பு என்பதை அவனே சொல்லிவிடுவான். முக்கால்வாசிப் பிழை கண்ணில் இல்லை, நின்ற இடத்தில்தான். நடு வட்டத்துக்குள்ளேயே நங்கூரம் போட்டு நிற்பது எல்லாப் புதியவர்களுக்கும் உள்ள வியாதி. பந்துக்குப் பத்துப் பதினைந்து மீற்றர் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். மோதுகிற இரண்டு பேரின் காலுக்கும் நடுவே உள்ள இடைவெளி தெரிந்தால்தான் பந்தைத் தொட்டானா, காலைத் தொட்டானா என்று தெரியும்.

சரி, பயிற்சிக்கு வருவோம். முதல் பின்னேரம் புத்தகமே வேண்டாம், விசில் மட்டும். சிரிப்பாக இருக்கும், ஆனால் புதியவன் ஊதுவதைக் கேட்டிருக்கிறீர்களா? மன்னிப்புக் கேட்பது போல ஊதுவான். அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே கோட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தைரியம் வந்துவிடும். வரிசையாக நிற்க வைத்து ஊத விடுங்கள். சாதாரண ஃபவுலுக்குக் குட்டையாக, பெனல்டிக்கு நீளமாக, கன்னம் உப்ப. ஓடிக்கொண்டே ஊதச் சொல்லுங்கள், அதுதான் கஷ்டம். உள்ளே உருண்டை இருக்கும் பழைய விசில் மழையிலும் எச்சிலிலும் அடைத்துக்கொள்ளும். மஸ்கெலியா, வட்டவளைப் பக்கத்து மழையில் அதை நம்ப முடியாது. உருண்டை இல்லாத ஃபொக்ஸ் 40 மாதிரி ஒன்று வாங்குங்கள். 1987இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்த ரொன் ஃபொக்ஸ்க்ரொஃப்ட் என்ற கனடாக்காரரே ஒரு கூடைப்பந்து ரெஃபரிதான், முக்கியமான ஆட்டத்தில் விசில் அடைத்துக்கொண்ட அனுபவம் அவருக்கும் உண்டு.

சட்டப் புத்தகத்தில் மொத்தம் 17 சட்டங்கள். முதலாவதிலிருந்து வரிசையாகப் படிப்பித்தால், மைதானம், பந்து என்று அளவுகளைச் சொல்லி முடிப்பதற்குள் பையன் தூங்கிவிடுவான். நான் நேராக 12ஆம் சட்டத்தில், அதாவது ஃபவுலில் தொடங்குவேன். அதில் மூன்று படி இருக்கிறது: கவனக்குறைவு, எதிராளிக்கு வரும் ஆபத்தைப் பொருட்படுத்தாமை, அளவுக்கு மீறிய பலம். முதலாவதுக்கு ஃப்ரீ கிக் மட்டும், இரண்டாவதுக்கு மஞ்சள் அட்டையும் சேரும், மூன்றாவதுக்குச் சிவப்பு. இதைப் புத்தகத்தில் உள்ளபடி சொன்னால் ஏறாது. பஸ்ஸை வைத்துச் சொன்னால் ஏறும். ஹட்டனிலிருந்து வரும் டிரைவர் வளைவில் ஹோர்ன் அடிக்க மறந்தால் அது கவனக்குறைவு. எதிரே வண்டி வருவது தெரிந்தும் முந்தப் பார்த்தால் இரண்டாவது. இடித்தாலும் பரவாயில்லை என்று அழுத்தினால் மூன்றாவது. ஒரு பின்னேரத்தில் பிள்ளைகள் தாங்களாகவே ஒவ்வொரு டெக்கிளையும் "சேர், இது ஹோர்ன் அடிக்காத கேஸ்" என்று பிரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

அட்டை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மழை நாளில் பயிற்சி முடிந்து, "மஞ்சள் அட்டையை எங்கே வைத்திருக்கிறாய்?" என்று ஒருவனைக் கேட்டேன். "மஞ்சள் பொக்கட்டில சேர், கறுப்பு காலில" என்றான். சப்பாத்தைக் கழற்றினால் நாலு அட்டை. ஆட்டத்து அட்டை 1970 மெக்சிகோ உலகக் கிண்ணத்தில்தான் முதலில் வந்தது. கென் அஸ்டன் என்ற இங்கிலாந்து ரெஃபரிக்கு வீதிச் சமிக்ஞை விளக்கைப் பார்த்து வந்த யோசனை அது. நம் அட்டை அதற்கெல்லாம் முந்தியது.

அடுத்தது கையில் பட்ட பந்து. கிரவுண்டில் நடக்கும் சண்டையில் பாதி இதனால்தான். பந்து கையில் பட்டதெல்லாம் குற்றமில்லை. வேண்டுமென்று கையைப் பந்துக்குக் கொண்டுபோனானா, இல்லை, கையை விரித்து உடம்பை இயல்புக்கு மாறாக அகலமாக்கினானா என்று பார்க்க வேண்டும். அக்குளின் கீழ்மட்டத்துக்கு மேலே உள்ள தோள் பகுதி கை என்று எண்ணப்படாது. தெரியாமல் பட்டாலும், தன் கையிலிருந்து நேரே கோலுக்குள் போனால் அது கோல் இல்லை. இவ்வளவையும் பையன் தன் வாயால் இரண்டு மூச்சில் சொல்லும்வரை விடாதீர்கள்.

பழைய ஆட்டக்காரர்களைப் பழக்கும்போது ஒரு சங்கடம் உண்டு. அவர்களுக்குச் சட்டம் தெரியும், ஆனால் அவர்கள் ஆடிய காலத்துச் சட்டம். தொடக்க உதை முன்னுக்குத்தான் போக வேண்டும் என்பார்கள், 2016இலிருந்து எந்தப் பக்கமும் உதைக்கலாம். கோல் கிக் பெனல்டிப் பகுதியைத் தாண்ட வேண்டும் என்பார்கள், அது 2019இல் போய்விட்டது. கோல்காப்பாளர் பந்தைக் கையில் வைத்திருக்க முன்பு 6 விநாடி, மீறினால் மறைமுக ஃப்ரீ கிக். 2025இலிருந்து 8 விநாடி, மீறினால் எதிரணிக்குக் கோர்னர், கடைசி 5 விநாடியை ரெஃபரி கையை உயர்த்தி விரலால் எண்ணிக் காட்டவும் வேண்டும். பெரியவர்கள் சண்டைக்கு வருவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான், அதுவும் உண்மையான நம்பிக்கையோடு வருவார்கள். ஆட்டத்துக்கு முன்பே இரண்டு அணிப் பொறுப்பாளர்களையும் கூப்பிட்டு இவற்றைச் சொல்லிவிட்டால் பையனின் தலை தப்பும்.

ஒஃப்சைட்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். கோட்டில் கொடி பிடிக்க ஆள் இல்லாத ஏழு பேர் ஆட்டத்தில் அதை வைப்பது வீண் வம்பு. நாங்கள் வைப்பதில்லை.

நம் கிரவுண்டுகளுக்கென்று எழுதப்படாத சிக்கல்கள் சில உண்டு. ஒரு பக்கம் மண் மேடு, மறுபக்கம் தேயிலைச் சரிவு. பந்து கீழே போனால் மூன்றாவது வரிசைக்கு இறங்கித்தான் எடுக்க வேண்டும், வெல்லுகிற அணி ஆடி அசைந்து இறங்கும். இரண்டு பொடியன்களைக் கீழே நிறுத்துங்கள், கையில் இன்னொரு பந்தும் இருக்கட்டும். வீணான நேரத்தைக் கூட்டிக் கொடுக்க வேண்டியது ரெஃபரியின் பொறுப்பு, அதற்குக் கையில் ஒரு சாதாரண மணிக்கூடு போதும். மேலே கரண்ட் வயர் போகிறதா? பந்து அதில் பட்டால் நிறுத்திவிட்டு, டிரொப் போல், அதாவது ரெஃபரி பந்தைக் கையிலிருந்து கீழே போட்டு ஆட்டத்தைத் தொடங்குவது, போடலாம். பனிமூட்டம் இறங்கினால் நடுவில் நின்று இரண்டு கோல் கம்பங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று தெரியாவிட்டாலும் ஆட்டம் நிற்க வேண்டியதுதான்.

பிள்ளைகளின் ஆட்டத்துக்கு விதிகளைத் தளர்த்தச் சட்டப் புத்தகமே இடம் தருகிறது: சின்ன மைதானம், சின்னப் பந்து, குறைந்த நேரம், ஆள் மாற்றி வெளியே எடுத்தவன் திரும்ப வரலாம். மஞ்சள் அட்டை வாங்கியவனைக் கொஞ்ச நேரம் வெளியே உட்கார வைக்கவும் முடியும், மொத்த ஆட்ட நேரத்தில் 10 முதல் 15 சதவீதம். உங்கள் ஆட்டம் 40 நிமிடம் என்றால் 5 நிமிடம் சரியாக இருக்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மஞ்சள் அட்டையை விட அந்த 5 நிமிடம்தான் உறைக்கும், புதிய ரெஃபரிக்கும் சிவப்பு வரை போகாமல் ஆட்டத்தைப் பிடித்துக்கொள்ள அது ஒரு வழி.

பெண் பிள்ளைகளைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். நான் ஏழெட்டு வருடம் விட்டுத்தான் இருந்தேன், யாரும் தடுக்கவில்லை, எனக்குத் தோன்றவேயில்லை. 2022 டிசம்பரில் கட்டாரில் கொஸ்டரிக்காவும் ஜேர்மனியும் ஆடிய ஆட்டத்துக்கு ஸ்டெஃபனி ஃப்ராப்பார் ரெஃபரியாக நின்றார், ஆண்கள் உலகக் கிண்ணத்தில் ஒரு பெண் நடு ரெஃபரியாக நின்றது அதுதான் முதல் தடவை. அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, என் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி "சேர், எனக்கும் பழக்குவீங்களா?" என்று கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பிள்ளையின் முதல் ஆட்டத்தில் ஒரு பெரியவர் ஏதோ கத்தினார். அவள் ஆட்டத்தை நிறுத்தி, நேரே அவரிடம் நடந்துபோய், "சித்தப்பா, பிள்ளைகள் பயப்படுதுகள். கொஞ்சம் பின்னுக்கு நில்லுங்க" என்றாள். அவர் பின்னுக்கு நின்றார். நான் பன்னிரண்டு வருடத்தில் படிப்பிக்காத ஒரு வழி அது. இப்போது மற்றவர்களுக்கும் அதையே சொல்லிக் கொடுக்கிறேன்: கத்துகிறவரை உறவுமுறை சொல்லிக் கூப்பிடு, பிள்ளைகளைக் காரணம் காட்டு, ஒரு வசனத்தில் முடி, பதிலுக்குக் காத்து நிற்காமல் திரும்பி ஓடு.

காசு விஷயம்: பெரிதாகக் கொடுக்க முடியாவிட்டாலும் பஸ் காசும் சாப்பாட்டுப் பார்சலும் கட்டாயம். ஒரே நிறத்தில் நாலைந்து டீசேர்ட்டும் வாங்குங்கள், எந்த அணியின் நிறமாகவும் இல்லாமல். உடுப்பு மாறினால் பையனின் நடையே மாறுகிறது.

உங்கள் போட்டி சித்திரையில் என்கிறீர்கள். மாசியிலேயே தொடங்குங்கள், வாரத்துக்கு இரண்டு பின்னேரம், நடுவில் பாடசாலைப் பிள்ளைகளின் சும்மா ஆட்டங்களில் பழக விடுங்கள். போட்டி நாளில் இறுதி ஆட்டத்தைப் பின்னேரத்துக்குத் தள்ளாதீர்கள். அந்த மாதத்தில் மத்தியானத்துக்குப் பிறகு இடி நம் பக்கம் சொல்லிவைத்தது போல வரும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிகூட இல்லையென்றால் உடனே நிறுத்த வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் போன பின்தான் மறுபடி இறங்கலாம். அதுவரை பிள்ளைகளைச் சவுக்கு மரத்தடியில் ஒதுங்க விடாதீர்கள், பாடசாலைக் கட்டிடத்துக்குள் அனுப்பிவிடுங்கள். பிரதம விருந்தினர் வரத் தாமதம், பரிசளிப்பு இருக்கிறது, இன்னும் ஐந்து நிமிடம் ஆடட்டும் என்று மேடையிலிருந்து யாராவது சொல்லத்தான் செய்வார்கள். அந்த நேரம் நிறுத்துகிற அதிகாரம் விசில் வைத்திருக்கிற பையனுக்குத்தான் என்பதை முதல் நாள் கூட்டத்திலேயே, மேடையில் உட்காரப் போகிறவர்களின் முன்னால் சொல்லி வையுங்கள்.