ஷார்குட்டரி போர்டு எங்கிருந்து வந்தது, வீட்டில் எப்படிச் செய்வது?

முதலில் இரண்டையும் பிரித்துவிடுகிறேன். ஷார்குட்டரி என்றால் உப்பிட்டோ உலர்த்தியோ வேகவைத்தோ பதப்படுத்திய இறைச்சி, பெரும்பாலும் பன்றி; போர்டு என்றால் அதை அடுக்கிப் பரிமாறும் பலகை. ஷார்குட்டரி மிகப் பழையது, போர்டு ரொம்பப் புதியது.

நான் பிரான்ஸில் லியோன் நகரத்தில் ஏழு வருடமாக இருக்கிறேன். இங்கே சாயங்காலம் வேலை முடிந்து நாலு பேர் உட்கார்ந்தால் "ஒரு பிளான்ஷ் சொல்லலாமா?" என்றுதான் கேட்பார்கள். பிளான்ஷ் என்றால் பலகை, அவ்வளவுதான். அதில் இறைச்சி மட்டும் வரும், இல்லை சீஸும் கலந்து வரும். பலகையின் மரமே தெரியாதபடி திராட்சை, அத்திப்பழம், பிஸ்கட் என்று அடுக்கிப் படம் எடுக்கிறார்களே, அது 2010களில் அமெரிக்காவில் இன்ஸ்டாகிராம் வழியாகப் பரவிய பழக்கம்.

ஷார்குட்டரி என்ற சொல்லுக்குள்ளேயே 'சதை', 'வெந்தது' என்ற இரண்டு பிரெஞ்சுச் சொற்கள் இருக்கின்றன. 15ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸில் இந்த வியாபாரிகளுக்குத் தனி விதிமுறைகள் வந்துவிட்டன. சமைத்த பன்றி இறைச்சியை விற்கலாம், ஆனால் பன்றியை அறுக்கக்கூடாது, கசாப்புக்காரர்களிடம்தான் வாங்க வேண்டும். அதற்கும் முன்பிருந்தே கிராமங்களில் குளிர்காலம் தொடங்கும்போது பன்றி அறுப்பார்கள், பனிக்காலம் முழுக்கத் தீனி போட்டுக் கட்டுப்படியாகாது என்பதால். ஒரு பன்றியை ஒரு குடும்பம் ஒரு வாரத்தில் தின்று தீர்க்க முடியுமா? தொடையை உப்பில் புதைத்தார்கள், துண்டு துணுக்குகளைக் கொத்திக் குடலில் அடைத்துத் தொங்கவிட்டார்கள், ஈரல் பாத்தே என்ற விழுது ஆனது, ரத்தம் பூதேன் என்ற ரத்தத் தொத்திறைச்சி (சாஸேஜ்) ஆனது, தலையை வேகவைத்து அதன் சாறு உறையும்படி விட்டார்கள். தலைக்கறி, குடல், ரத்தப் பொரியல், மிச்சத்துக்கு உப்புக்கண்டம் என்று ஆட்டை முழுசாகப் பயன்படுத்திய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

உப்பு ஈரத்தை இழுத்துவிடுவதால் பெரும்பாலான கிருமிகள் வளர வழியில்லை. அதோடு வெடியுப்பும் சேர்த்தார்கள், கறி இளஞ்சிவப்பாக நிற்பது அதனால்தான். பாட்டுலிசம் என்ற கொடிய நச்சுநோயைத் தடுப்பதும் அதுதான். அந்த நோயின் பெயரே தொத்திறைச்சிக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதனால் தயவுசெய்து யூடியூப் பார்த்து வீட்டில் தொத்திறைச்சி உலர்த்தாதீர்கள், அதற்கு அளவும் குளிர்ச்சியும் ஈரப்பதமும் சரியாக இருக்க வேண்டும். கடையில் வாங்குங்கள்.

சரி, எதை வாங்குவது? மூன்று வகை போதும்: உலர்ந்தது ஒன்று, வெந்தது ஒன்று, ரொட்டியில் தடவுவது ஒன்று. என் வீட்டில் உலர்ந்ததற்கு ரோஸெட், இந்த ஊர்த் தொத்திறைச்சி. தோலில் மாவு தூவியது போல வெள்ளையாக இருக்கும், அது நல்ல பூஞ்சை, பயப்பட வேண்டாம். தோலை உரித்துவிட்டு மெல்லிசாகச் சாய்த்து வெட்டினால் சிவப்புக்கு நடுவே கொழுப்பு வெள்ளை வெள்ளையாகத் தெரியும். வெந்ததற்குச் சாதாரண ஹாம், அதாவது வெந்த பன்றித் தொடைக்கறி. பன்றி சாப்பிடாதவர்கள் பிரெஸாவோலா வாங்கலாம், அது இத்தாலியின் உலர்ந்த மாட்டிறைச்சி. புகையிட்ட வாத்து மார்பும் அருமையாக இருக்கும்.

தடவுவதற்கு ரியெத், இதை மட்டும் நீங்களே செய்யலாம். ஒரு கிலோ பன்றித் தோள்கறிக்கு 15 கிராம் உப்பு, கொஞ்சம் மிளகு, பிரிஞ்சி இலை, கறி மூழ்கப் பன்றிக் கொழுப்பு. மிகச் சிறு தீயில் நாலைந்து மணி நேரம், கரண்டியால் தொட்டாலே நார் நாராகப் பிரியும் வரைக்கும். பிறகு முள்கரண்டியால் உதிர்த்து, உருகிய கொழுப்பைக் கொஞ்சம் கலந்து கிண்ணத்தில் அழுத்தி, ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நான்கு நாளில் முடித்துவிடுங்கள்.

இவ்வளவு உப்புக்கும் கொழுப்புக்கும் நடுவே புளிப்பு இல்லாவிட்டால் நாலாவது வாயில் திகட்டிவிடும். வினிகரில் ஊறிய சுண்டுவிரல் அளவு வெள்ளரிப் பிஞ்சும் டிஜான் கடுகு விழுதும் பலகையில் இருப்பது அழகுக்காக அல்ல, அவற்றை விடவே விடாதீர்கள். சீஸில் கெட்டியாக ஒன்று, மிருதுவாக ஒன்று. எனக்குக் கோந்தேயும் சேன்-மார்ஸெலனும். அப்புறம் ரொட்டி, வால்நட், ஒரு கொத்துத் திராட்சை. சாப்பாட்டுக்கு முன் கொறிக்க என்றால் ஆளுக்கு 50, 60 கிராம் கறி, அதே அளவு சீஸ். இதுவே சாப்பாடு என்றால் இரண்டு பங்கு. முதலில் கிண்ணங்களை வையுங்கள், பிறகு சீஸ், பிறகு கறியை மடித்து மடித்து. தட்டையாகப் பரப்பினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

நான் முதன்முதலில் செய்தது ஒரு ஜூலை மாதம். விருந்தினர் ஏழு மணிக்கு, நான் நாலு மணிக்கே அடுக்கிவிட்டேன். அவர்கள் வருவதற்குள் ஹாமின் ஓரம் காய்ந்து சுருண்டு, சீஸில் எண்ணெய் வியர்த்து வழிந்தது; இறைச்சி முழுவதையும் கொட்ட வேண்டியதாயிற்று, மனசே ஆறவில்லை. சீஸை மட்டும் அரைமணி, முக்கால்மணி முன்பு வெளியே எடுங்கள், கறியை ஆட்கள் வந்தபின் வெட்டினால் போதும். வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், 32 டிகிரியைத் தாண்டிய வெயிலில் ஒரு மணி நேரம்தான்.

கர்ப்பிணிகள் இருந்தால், கருவைப் பாதிக்கக்கூடிய லிஸ்டீரியா கிருமி இவற்றில் இருக்கலாம் என்பதால் அவர்களுக்கு வேறு ஏதாவது செய்யுங்கள். பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 2015இல் வகைப்படுத்தியிருக்கிறது, அதனால் எங்கள் வீட்டில் இது மாதம் ஒருமுறைதான்.

முழுத் தொத்திறைச்சி மீந்தால் பிளாஸ்டிக்கில் சுற்றாதீர்கள், ஈரம் கசிந்து பிசுபிசுத்துவிடும். உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.