மிக்ஸியோடு அமெரிக்கா போகலாமா?

வெளிநாடு கிளம்புகிறவர்களின் பிளக், அடாப்டர் சந்தேகங்கள் இந்த வாரம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

கே: மகளின் பிரசவத்துக்காக டல்லாஸ் போகிறேன். வீட்டிலுள்ள 750 வாட் மிக்ஸியை அடாப்டர் போட்டு அங்கே ஓட்டலாமா?
– வாசகி, திருச்சி

முடியாதம்மா. அடாப்டர் பிளக்கின் உருவத்தை மட்டுமே மாற்றும், வோல்டேஜை மாற்றாது. அமெரிக்காவில் வருவது 120 வோல்ட். உங்கள் மிக்ஸி 230 வோல்ட்டுக்குச் செய்தது. அங்கே செருகினால் சுற்றும், ஆனால் வலு இருக்காது. தேங்காய்கூட மசியாது. பாரம் தாங்காமல் பிளேடு நின்றுவிட்டால் மோட்டாருக்குள் கம்பிச்சுருள் சூடாகும்.

வோல்டேஜை உயர்த்தும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம். ஆனால் மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரன்ட்டைத் தாங்க 1500 வாட் திறனாவது வேண்டும், அதன் எடையே பல கிலோ வரும். அதைவிட, நம் ஊர் கம்பெனிகளே அமெரிக்காவுக்கென்று 110 வோல்ட் மிக்ஸி செய்கின்றன. அடித்தகட்டில் ‘110–120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்’ என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அமெரிக்காவில் வாரண்டி உண்டா என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். திரும்பி வரும்போது மகளிடமே விட்டுவிட்டு வாருங்கள். திருச்சியில் செருகினால் புகைந்துவிடும்.

கே: போன், லேப்டாப் சார்ஜருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் என்று சொல்லி, கடைக்காரர் 2,800 ரூபாய்க்கு ஒன்றைத் தலையில் கட்டிவிட்டார். தேவைதானா?
– மாணவர், மதுரை

தேவையே இல்லை தம்பி. சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் ‘இன்புட் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்’ என்று இருக்கும். அப்படி இருந்தால் உலகத்தில் எங்கே செருகினாலும் அது தானாகச் சமாளித்துக்கொள்ளும். பிளக் மாற்றும் அடாப்டர் மட்டும் போதும்.

பெட்டியைப் பிரிக்காமல் ரசீதோடு போய்ப் பணத்தைக் கேளுங்கள். தேவையில்லாததைக் கட்டாயம் என்று பொய் சொல்லி விற்பது நியாயமற்ற வணிகம். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளின் விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வாயால் சொன்னதற்குச் சாட்சி இருக்காது என்பதால், கடைக்காரருக்கு இன்றே வாட்ஸ்அப்பில் எழுதிப் பதில் வாங்கி வையுங்கள்.

கே: அவசரத்தில் ‘யுகே’ என்று போட்ட அடாப்டரை வாங்கிவிட்டேன். பாரிஸில் நுழையவில்லை. கடை மீது வழக்குப் போடலாமா?
– வாசகர், சென்னை

போட முடியாது. பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்திருக்க வேண்டும்.

கே: கொரியாவில் படிக்கும் என் மகனிடம் விடுதி நண்பர்கள் “பன்றி மூக்கு வைத்திருக்கிறாயா?” என்று கேட்டுச் சிரிக்கிறார்களாம். கேலி செய்கிறார்களா?
– தந்தை, ஈரோடு

கேலி இல்லை. அங்கே பிளக் அடாப்டருக்கு அதுதான் பேச்சுவழக்குப் பெயர். முகப்பில் இரண்டு உருண்டை ஓட்டைகள் மூக்குத் துளைகள் மாதிரியே இருக்கும். கடையில் அந்தப் பெயரைச் சொன்னாலே எடுத்துத் தருவார்கள். உருண்டைப் பின்னைத் தட்டைப் பின்னாக மாற்றும் சாமான் அது. கொரியர்கள் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் எடுத்துப்போவார்கள், கொரியாவுக்குள் உங்கள் மகனுக்குப் பயன்படாது.

“என் பிளக்குக்கு யானை மூக்கு வேண்டும்” என்று அவரும் திருப்பிச் சொல்லட்டும், விஷயமும் அதுதான். நம் மூன்று பின் பிளக்கில் மெல்லிய பின்னே 5.1 மி.மீ. தடிமன். கொரியாவிலும் ஜெர்மனியிலும் ஓட்டை 4.8 மி.மீ. பின்னுக்கானது. இரண்டு பின் போன் சார்ஜர் நேராக நுழைந்துவிடும். லேப்டாப்புக்கு, சார்ஜர் பெட்டியிலிருந்து சுவருக்குப் போகும் வயரை மட்டும் கழற்றிவிட்டு, அந்த நாட்டு வயரை அங்கேயே வாங்கி மாட்டச் சொல்லுங்கள். எர்த்தும் கிடைக்கும்.

கே: ‘150 நாடுகளுக்கும் ஒன்றே’ என்று விற்ற அடாப்டரை வாங்கினேன். ஃபிராங்க்ஃபர்ட்டில் லேப்டாப்பைத் தொட்டால் விர்ரென்று இருக்கிறது. லேப்டாப் கோளாறா?
– வாசகி, கோவை

லேப்டாப் நன்றாகவே இருக்கிறது, உங்களை ஏமாற்றியது அடாப்டர். இந்தச் சாமானைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறாது. நான் வாங்கிய ஒன்றைத் திருப்புளியால் பிரித்துப் பார்த்தேன். எர்த் ஓட்டைக்குள் பித்தளைத் துண்டே இல்லை, வெறும் பிளாஸ்டிக் பள்ளம். உங்கள் பிளக்கின் பெரிய பின் அதில் எதையும் தொடாமல் சும்மா உட்கார்ந்திருக்கும். சார்ஜருக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர் என்ற பாகங்கள் வழியே கசியும் சிறு கரன்ட், எர்த்துக்குப் போக வழியில்லாமல் உலோக உடம்பில் நிற்கிறது. அதைத்தான் கை உணர்கிறது. லேப்டாப்பில் இது கூச்சத்தோடு போகும். இன்சுலேஷன் போன இஸ்திரிப்பெட்டியில் உயிரே போகும்.

ஜெர்மன் சாக்கெட்டில் எர்த் என்பது பள்ளத்தின் மேலும் கீழுமுள்ள இரண்டு உலோகக் கவ்விகள். சதுர உடம்புள்ள அடாப்டரின் பின்கள் மட்டுமே அந்த வட்டப் பள்ளத்துக்குள் இறங்கும், உடம்பு அந்தக் கவ்விகளைத் தொடாது.

ஆம்பியரையும் பாருங்கள். இவற்றில் பல 6 ஆம்பியர்தான். 230 வோல்ட்டில் அது 1380 வாட்டைத் தாங்கும், 1500 வாட் கெட்டிலுக்குப் போதாது. ஜப்பானின் 100 வோல்ட்டில் வெறும் 600 வாட். வாங்கும்போது, மின்தொடர்பு இருக்கிறதா என்று காட்டும் மல்டிமீட்டர் கருவியை எர்த் ஓட்டையிலும் எர்த் பின்னிலும் வைத்துப் பாருங்கள். ‘பீப்’ ஒலிக்காவிட்டால் வேண்டாம். போகும் நாட்டுக்கு மட்டுமான, எர்த் உள்ள ஒற்றை அடாப்டர் விலையும் குறைவு, நம்பவும் செய்யலாம்.

கே: யாழ்ப்பாணத்தில் சித்தி வீட்டுக்குப் போகிறோம். அங்கே எந்த பிளக்?
– வாசகர், இராமநாதபுரம்

புதிய வீடுகளில் சதுரப் பின், பழைய வீடுகளில் நம் உருண்டைப் பின். சதுரப் பின் அடாப்டர் ஒன்று வாங்குங்கள், சிங்கப்பூர், மலேசியா, துபாய், லண்டனுக்கும் அதுவே. சாக்கெட்டின் மேல் ஓட்டையில் பேனாவைக் குத்தி மூடியைத் திறந்து இரண்டு பின் சார்ஜரைச் செருகும் பழக்கம் மட்டும் வேண்டாம். பின் தளர்ந்து பொறி பறக்கும். சதுரப் பின் பிளக்குக்குள் இருக்க வேண்டிய ஃபியூஸும் இல்லாமல் போகும்.

கே: டோக்கியோவில் ஆசையாக வாங்கிய 650 வாட் ரைஸ் குக்கர், இங்கே அடாப்டரில் செருகியதும் வெடித்துவிட்டது. கம்பெனி நஷ்ட ஈடு தருமா?
– வாசகர், வேலூர்

தராது. 100 வோல்ட் குக்கருக்கு 230 வோல்ட் கொடுத்தால் அது ஐந்து மடங்குக்கு மேல், சுமார் 3400 வாட் இழுக்கும். டோக்கியோ அகிஹபாராவில் வெளிநாட்டவருக்கென்றே 220–230 வோல்ட் குக்கர்கள் விற்கிறார்கள். அடுத்த முறை தகட்டைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.