ஆண்களை விரும்பும் நான் கோயிலுக்கு வரலாமா?

ஆண்கள்மீதுதான் ஈர்ப்பு வருகிறது, இனி நற்கருணை வாங்கலாமா, கோயிலுக்கே வரக்கூடாதா என்று தங்கச்சிமடத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

வாங்க தம்பி, அது உங்கள் கோயில். ஈர்ப்பு இருப்பதையே கத்தோலிக்கத் திருச்சபை பாவம் என்று சொல்லவில்லை. ஆணோடு ஆண் கொள்ளும் உடலுறவைத்தான் பாவம் என்கிறது. நற்கருணைக் கேள்வியும் அதைப் பொறுத்ததுதான். இதை மறைத்தால் உங்களை ஏமாற்றியதாகிவிடும். ஆனால் அதே திருச்சபையின் மறைக்கல்வி நூலின் 2358ஆம் எண், நம்மை மதிப்போடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமாக ஒதுக்கக் கூடாது என்கிறது. இதை யாரும் பிரசங்கத்தில் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் பக்கத்துப் பாம்பன்காரன், உங்களைப் போலவே ஆண்களை விரும்புகிறவன்தான். பல வருடம் கடைசித் தூண் ஓரமாக நின்றுவிட்டு, பூசை முடியுமுன் நழுவிவிடுவேன். ஒருமுறை கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில், சிலுவைப்பாதையின்போது ஒரு பெரியவர் சிலுவையை என் தோளுக்கு மாற்றிவிட்டார். உப்புக்காற்றில் பிசுபிசுத்த அந்த மரத்தைச் சுமந்து நடந்தபோது, நான் வெளியாள் இல்லை என்று புரிந்தது. அன்று அழுதேன்.

பொறுமையாகக் கேட்கும் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள். அங்கே சொன்னதை அவர் யாரிடமும் சொல்ல முடியாது. 'சிகிச்சை' என்று யாராவது இழுத்தால் போகாதீர்கள். அப்படி மாற்ற முயல்வதை 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் தடுத்துவிட்டது. அப்புறம், வீட்டுக்குப் பயந்து ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ளாதீர்கள். அவளும் ஞானஸ்நானம் வாங்கியவள்தான்.