ஓடை ஏன் இரண்டே நாளில் வற்றுகிறது? – வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: முந்திரித் தோப்புகளுக்கு நடுவே போகும் எங்கள் ஊர் ஓடையில் முன்பெல்லாம் தை வரை கசிவு இருக்கும். ஜேசிபி வைத்துத் தூர்வாரிய பிறகு, மழை விட்ட இரண்டே நாளில் வறண்டுவிடுகிறது. சாலைப் பாலத்தின் அடியிலும் அரிப்பு. மறுபடி ஆழப்படுத்தலாமா?
– வாசகர், பண்ருட்டி வட்டம்

பதில்: வேண்டவே வேண்டாம். இரண்டு கோளாறுக்கும் அந்தத் தூர்வாரல்தான் காரணம் போலத் தெரிகிறது. பாலத்தடியில் உள்ள சிமென்ட் தளம்தான் அந்த இடத்தில் ஓடையின் மட்டம். அதற்குக் கீழ்ப்புறம் ஒரு முழம் கூடுதலாகத் தோண்டினாலும், தண்ணீர் தளத்தின் விளிம்பிலிருந்து விழுந்து குழி பறிக்கும். குழி பின்வாங்கி வந்து தளத்துக்கு அடியில் நுழையும். முதலில் அந்தக் குழியில் ஒரு முழ அளவுள்ள கருங்கற்களைத் தளமட்டம் வரை அடுக்கி நிரப்புங்கள்; கீழ்ப்புறம் 3, 4 மீட்டர் வரை சரிவாகப் பரப்பவும். சின்ன ஜல்லியைக் கொட்டினால் முதல் வெள்ளத்திலேயே போய்விடும்.

ஓடையின் அடி தாழ்ந்தால், இரு கரை நிலத்தில் தேங்கி நின்ற ஈரமும் சீக்கிரமே வடிந்துவிடும். வளைவுகளை நேராக்கியிருந்தால் வேகம் இன்னும் கூடும். அதனால் இனி வேலை ஓடையில் இல்லை, மேட்டில்.

முந்திரிக்கொட்டை பொறுக்க வசதியாக மரத்தடிச் சருகைக் கூட்டி எரிக்கிறோம் அல்லவா, அங்கேதான் தொடங்குகிறது. வெறும் செம்மண்ணில் மழை அடித்தால் மேல்மண் பொருக்குக் கட்டும். தண்ணீர் இறங்காமல் வழிந்தோடும். அறுவடை முடிந்ததும் சருகைத் திரும்பப் பரப்பிவிடுங்கள். செலவே இல்லாத வேலை இது.

அடுத்து, ஆடி, ஆவணியில் மர வரிசைகளுக்கு நடுவே சரிவுக்குக் குறுக்காகக் குழிகள்: நீளம் 3 மீட்டர், அகலம் 60 சென்டிமீட்டர், ஆழம் 45. ஒன்றில் சுமார் 800 லிட்டர் நிற்கும். ஒரு ஹெக்டேரில் 50 மில்லிமீட்டர் மழை என்றால் 5 லட்சம் லிட்டர். 100 குழி வெட்டினாலும் ஒரு நிரப்பில் ஆறில் ஒரு பங்குதான் பிடிக்கும். ஆனால் மணற்பாங்கான மண்ணில் குழி சீக்கிரம் உறிஞ்சி அடுத்த மழைக்குக் காலியாகிவிடும். கொத்தனாரின் டியூப் லெவலை (தண்ணீர் நிரப்பிய குழாய்) வைத்து மட்டம் பாருங்கள். கண் மதிப்பில் வெட்டினால் தண்ணீர் ஒரு மூலையில் சேர்ந்து உடைத்துக்கொண்டு போகும். வெட்டிய மண்ணை, ஒரு சாண் இடைவெளி விட்டுப் பள்ளப்பக்கம் போடவும்.

தோப்புக்குள் இறங்கும் சிறு அரிப்புப் பள்ளங்களில் மண் மூட்டை அடுக்கலாம். நடுப்பகுதி ஓரங்களைவிட ஒரு சாண் தாழ்ந்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் தண்ணீர் பக்கவாட்டில் கரையைக் குடைந்து போகும். பிளாஸ்டிக் சாக்கு வெயிலில் இற்றுவிடும். அதற்குள் மூட்டையை ஒட்டி வெட்டிவேரை 15 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நட்டு வேர்பிடிக்க விடுங்கள். நம் மாவட்டக் கடலோரத்தில் பயிராவதுதான், நாற்றுக்கு அலைய வேண்டாம்.

பெரிய ஓடையின் குறுக்கே மட்டும் நீங்களாக எதையும் கட்டாதீர்கள். 2015 நவம்பரில் விசூர், பெரியகாட்டுப்பாளையம் பக்கம் ஓடை வெள்ளம் வீடுகளையும் உயிர்களையும் அடித்துச் சென்றதை உங்கள் வட்டாரத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓடை அரசுப் புறம்போக்கு; அங்கே எது கட்டினாலும் பொறியாளர் கணக்குப் போட்டு, அனுமதியோடு செய்ய வேண்டியது.

கேள்வி: வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று நாங்களே அளக்க முடியுமா?
– வாசகர், பாகூர்

பதில்: முடியும். நேராக ஓடும் 10 மீட்டரைக் கயிறு கட்டிக் குறியுங்கள். எலுமிச்சம்பழத்தை விடுங்கள், பெரும்பகுதி மூழ்கி மிதப்பதால் காற்று தள்ளாது. ஐந்து தடவை பார்த்துச் சராசரி நேரம் எடுக்கவும். 20 நொடி என்றால் வேகம் நொடிக்கு 0.5 மீட்டர். மேல்மட்டம்தான் வேகமாக ஓடும் என்பதால் 0.85 ஆல் பெருக்குங்கள். அகலம் 2 மீட்டர், சராசரி ஆழம் 0.3 மீட்டர் என்றால் நொடிக்குச் சுமார் 255 லிட்டர். ஆழத்தை நடுவில் மட்டும் அளந்துவிட்டுக் கணக்கை ஊதிவிடாதீர்கள். குறுக்கே நாலைந்து இடத்தில் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஓடைக் கரையில் மண்டும் நெய்வேலிக் காட்டாமணக்குச் செடி வெட்ட வெட்டத் தழைக்கிறதே?
– வாசகர், குறிஞ்சிப்பாடி

பதில்: வெட்டினால் தழைக்கத்தான் செய்யும். கோடையில் வேரோடு பிடுங்குங்கள். பிடுங்கியதைக் கரையில் போட்டால் துண்டு துண்டாக மிதந்து போய்க் கீழ் ஊரில் வேர்விடும். மேட்டு நிலத்தில், ஈரம் படாத இடத்தில் குவித்து, தண்டு சொடக்கென்று ஒடியும்வரை காய விடவும். மழைக்குப் பின் முளைப்பதை மறுபடி ஒருமுறை பிடுங்க வேண்டியிருக்கும்.