மெய்யியல் வாசிப்பை எந்த நூலில் தொடங்குவது? கேள்வி பதில்

கேள்வி: எனக்கு மெய்யியலில் முன்பயிற்சி இல்லை. வரலாற்று நூல் ஒன்றை முடித்துவிட்டு மூல நூல்களுக்குச் செல்வதுதானே முறை?

பதில்: அப்படித் தொடங்குபவர்களில் பலர் பாதியிலேயே நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். யார் என்ன சொன்னார் என்பதை வரலாற்று நூல் தொகுத்துத் தரும். அவர் அந்த முடிவுக்கு எப்படி வந்தார் என்பதை விரித்துரைக்க அதில் இடம் போதாது. வாதம் தெரியாமல் முடிவை மட்டும் படித்தால், மாற்றம் என்பதே இல்லை என்ற பண்டைக் கிரேக்க மெய்யியலாளர் பார்மெனிடீஸ் ஒரு விசித்திர மனிதராகவே தோன்றுவார். ஆகவே, ஓரிரு சிக்கல்களை எடுத்து நிதானமாக வாதிடும் சிறு நூலே முதல் வாசிப்புக்கு ஏற்றது. 1912இல் வெளிவந்த பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் 'மெய்யியலின் சிக்கல்கள்' அத்தகையது. அதன் முதல் இயல், பார்க்கும் இடத்துக்கேற்ப ஒரு மேசையின் நிறமும் வடிவமும் மாறித் தோன்றும்போது, உண்மையான மேசை என்று ஒன்று உண்டா, உண்டெனில் அது எத்தகையது என்று கேட்கிறது. அந்தக் கேள்வி உங்களை உறுத்தினால் மேலே படியுங்கள். உறுத்தாவிட்டால் அறவியல் பக்கம் செல்லலாம்.

கேள்வி: பிளேட்டோவின் 'குடியரசு' கையில் இருக்கிறது. அதிலேயே தொடங்கலாமா?

பதில்: பத்துப் பகுதிகளில் முதல் பகுதியை மட்டும் படியுங்கள், வலியவரின் நலனே நீதி என்று திராசிமாக்கஸ் வாதிடும் அப்பகுதி ஏறத்தாழத் தனி உரையாடலாகவே நிற்கும். கி.மு. 399இல் நடந்த விசாரணையில் சாக்ரடீஸ் ஆற்றியதாகப் பிளேட்டோ எழுதிய தற்காப்புரை இதைவிடவும் எளிது.

கேள்வி: ஜெர்மன் மெய்யியலாளர் கான்ட் 1783இல் எழுதிய 'புரோலெகோமினா' சிறிய நூல்தானே, அது எப்படி?

பதில்: பக்க எண்ணிக்கையை நம்பி ஏமாற வேண்டாம். அந்நூல் மாணவர்களுக்கானதன்று, வருங்கால ஆசிரியர்களுக்கானது என்று முன்னுரையில் கான்ட்டே சொல்லிவிடுகிறார். ஆராயாமல் நம்பும் உறக்கத்திலிருந்து தம்மை எழுப்பியவர் ஸ்காட்லாந்து மெய்யியலாளர் ஹியூம் என்றும் அங்கேயே குறிப்பிடுகிறார். எனவே ஹியூமை முதலில் படிப்பதே பொருத்தம். அவருடைய முதல் பெருநூல் எதிர்பார்த்த கவனத்தைப் பெறாததால், அதன் கருத்துகளைச் சுருக்கித் தெளிவாக்கி 1748இல் அவர் வெளியிட்ட மனித அறிவு பற்றிய ஆய்வு நூலைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: பல மொழிபெயர்ப்புகள் இருந்தால் எதை வாங்குவது?

பதில்: கடினமான ஒரே பத்தியை இரண்டிலும் படித்து ஒப்பிடுங்கள். ஒரு கலைச்சொல்லுக்குப் பக்கத்துக்கொரு சொல்லைப் பயன்படுத்தும் மொழிபெயர்ப்பு, நடை இனிதாக இருந்தாலும், வாதத்தைக் குலைத்துவிடும். பிளேட்டோ என்றால் 1578ஆம் ஆண்டுப் பதிப்பின் பக்க எண்கள் ஓரத்தில் அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். விளக்க நூல்கள் அந்த எண்களைக் கொண்டே மேற்கோள் காட்டுகின்றன.