மனநலக் கேள்வி – பதில்: கணினி போடும் ஆபத்துக் கணக்கு

கேள்வி: என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். மருத்துவமனையில் ஆக்ஸ்மிவ் என்று ஏதோ கணினியில் நிரப்பிப் பார்த்துவிட்டு, "7 சதவீதம், ஆபத்து கூடுதல்" என்றார்கள். இனி அவனை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: அந்த எண்ணை மட்டும் வைத்து அவரை வீட்டைவிட்டு அனுப்ப வேண்டியதில்லை. ஆக்ஸ்மிவ் (OxMIV) என்பது கடும் மனநோய் உள்ளவர் ஓராண்டுக்குள் வன்முறைக் குற்றம் செய்யும் வாய்ப்பைக் கணக்கிடும் கருவி. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகக் குழுவினர் சுவீடன் பதிவேடுகளைக் கொண்டு உருவாக்கி 2017-ல் வெளியிட்டது. வயது, பழைய வன்முறைக் குற்றம், குடி, போதை, தற்போதைய மருந்து என 16 விவரம் கேட்கும். உங்கள் தம்பியைப் போன்ற 100 பேரில் 7 பேர் ஓராண்டுக்குள் வன்முறைக் குற்றம் செய்யக்கூடும், 93 பேர் செய்யமாட்டார்கள். 7 சதவீதம் என்பதற்கு இவ்வளவுதான் பொருள்.

5 சதவீதத்தைத் தொட்டாலே 'கூடுதல்' என்று வந்துவிடும். சுவீடனிலேயே அந்தக் கோட்டைத் தாண்டியவர்களில் ஓராண்டுக்குள் வன்முறைக் குற்றத்தில் சிக்கியது 100-க்கு 11 பேர்தான். கோட்டுக்குக் கீழே இருந்தவர்களில் 99 சதவீதத்துக்கு மேற்பட்டோர் அந்த ஓராண்டில் வன்முறைக் குற்றம் எதிலும் சிக்கவில்லை. ஆக, இது பயமுறுத்துவதைவிட நிம்மதி தரவே அதிகம் பயன்படும் கருவி.

தவிர, அது வருமானமும் கேட்கும். பச்சைத் தேயிலை விலையோடு ஏறி இறங்கும் கூலியை சுவீடன் கணக்கில் எந்தப் படியில் வைப்பது? எதை எப்படி நிரப்பினார்கள் என்று டாக்டரிடம் கேளுங்கள். 16-ல் உங்களால் மாற்ற முடிந்தவை குடியும் மருந்தும்தான்; பேச்சை அங்கே திருப்புங்கள்.

கேள்வி: நோயாளி வன்முறையில் இறங்குவாரா என்று முன்கூட்டியே கணிக்கும் புரோசெட் (Brøset) பட்டியலை வார்டில் டேப்லெட்டில் போட்டுத் தந்திருக்கிறார்கள். எல்லாருக்கும் 0 தான் வருகிறது. 0 வாங்கிய ஒருவர் அன்றிரவே ஜன்னலை உடைத்தார். கருவி கோளாறா?
– செவிலியர், கூடலூர்

பதில்: பெரும்பாலும் நிரப்பும் விதத்தில்தான் கோளாறு இருக்கும். குழப்பம், எரிச்சல், ஆர்ப்பாட்டம், வாய்மிரட்டல், உடல்மிரட்டல், பொருட்களைத் தாக்குதல் ஆகிய ஆறில் ஒவ்வொன்றுக்கும் 0 அல்லது 1. கூட்டுத்தொகை 1–2 என்றால் நடுத்தர ஆபத்து, 3 அல்லது அதற்கு மேல் என்றால் அதிகம். அடுத்த 24 மணி நேரத்துக்கு மட்டுமே செல்லும். செயலி ஆறு கட்டங்களிலும் 0-வை முன்கூட்டியே நிரப்பி வைத்திருந்தால், ஷிப்ட் முடியும் அவசரத்தில் 'சேமி' அழுத்திவிட்டுப் போவார்கள். கட்டங்களை வெறுமையாக வைக்கச் சொல்லுங்கள். ஆளை நேரில் பார்த்த உடனே பதியுங்கள். சிக்னல் போகும் நாளுக்குக் காகிதப் படிவமும் ட்ராலியில் இருக்கட்டும்.

வழக்கமாகவே சத்தமாகப் பேசுபவருக்கு அதற்காக 1 போடக்கூடாது. வழக்கத்தைவிடக் கூடினால்தான் 1. உங்கள் பக்கம் பணியர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடியினரும் மலையாளம் பேசுவோரும் வருவார்கள். தமிழ் புரியாமல் விழிப்பதைக் 'குழப்பம்' என்று பதிவது அடிக்கடி நடக்கிறது. அவர் மொழி தெரிந்த ஒருவரை வைத்துக் கேட்ட பிறகு எண் போடுங்கள்.

நிஜமாகவே குழப்பம் என்றால் முதலில் சர்க்கரை, காய்ச்சல், நாடி பாருங்கள். குடியை நிறுத்தி இரண்டு மூன்று நாளில் கை நடுக்கத்தோடு வரும் குழப்பம் உயிருக்கே ஆபத்து. உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். 3 வந்தால் அருகில் உள்ள நோயாளிகளை நகர்த்தி, ஒருவர் மட்டும் தாழ்ந்த குரலில் பேசி, வாசலை அடைக்காமல் நில்லுங்கள். எத்தனை வந்தாலும் அந்த எண் கட்டிப்போட அனுமதி ஆகாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான், அதுவும் மனநல மருத்துவர் ஒப்புதலோடு. தனியறையில் பூட்டுவதற்குத் தடையே உண்டு.

கேள்வி: இந்த ஆபத்தை வீட்டிலேயே கணக்குப் பார்க்க செயலி உண்டா?
– வாசகர், பூம்பாறை

பதில்: வீட்டாருக்கென்று நம்பத்தக்கது இருப்பதாகத் தெரிந்தால் சொல்லியிருப்போம். தூக்கம் குறைகிறதா, மாத்திரை அப்படியே மிஞ்சுகிறதா, குறிப்பிட்ட ஒருவர் மீதே சந்தேகம் திரும்புகிறதா என்று கவனியுங்கள். மூன்றில் ஒன்று தெரிந்தாலே கவாத்துக் கத்தி, அரிவாளை எடுத்து வைத்துவிட்டு 14416-ல் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸைக் கூப்பிடுங்கள். கை ஓங்கிவிட்டால் 108. ஆம்புலன்ஸ் மலையேறி வர நேரமாகும், பாதையையும் அடையாளத்தையும் தெளிவாகச் சொல்லுங்கள்.